வாயில்லா ஜீவனுக்கு வாய் கொடுப்பவர்களுக்கு

பேசும் மிருகங்களின் உலகம் ஒன்றைக் கற்பனை செய்து, அதில் ஆளுக்கொரு மிருகமாக நின்று கதைப்பது நமது பிள்ளைகளுக்குப் புதிதல்ல. முன்பள்ளியில் காகமும் நரியும், ஆரம்பப் பிரிவில் முயலும் ஆமையும், மேல் வகுப்பில் தமிழ்மொழித் தினப் போட்டிக்கான நாடகம் என்று அது தொடர்கிறது. ஆனால் இந்த விளையாட்டுக்கு ஓர் ஒழுங்கு உண்டா, எல்லை உண்டா என்று நாம் உட்கார்ந்து யோசித்தது குறைவு. தமிழ் கற்பிப்பதோடு நாடகமும் பழக்குகிறவள் என்பதால் பெற்றோர் என்னிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் மூன்று. மிருகமாக நடிப்பது மார்க்கத்தில் கூடுமா? இல்லாததைச் சொல்வது பொய்யாகாதா? ஏன் என் மகளுக்கு மட்டும் கழுதை?

மூன்றாவது கேள்வியைப் பலர் சிரித்துக்கொண்டே கேட்பார்கள். எனக்கு அதுதான் மூன்றிலும் பெரிய கேள்வியாகப் படுகிறது. ஆயினும் முதல் இரண்டையும் தள்ளிவிட்டுப் போக முடியாது.

பொய் பற்றிய கேள்விக்கு ஸுனன் அபூதாவூதில் வரும் ஒரு செய்தியை நினைவுபடுத்துவேன். நபி (ஸல்) அவர்கள் ஒரு பயணம் முடிந்து வீடு வந்திருந்தபோது காற்றில் திரை விலகி, ஆயிஷா (ரழி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகள் தெரிந்தன. அவற்றின் நடுவே துணித்துண்டால் இரண்டு இறக்கை வைத்த குதிரை ஒன்று. குதிரைக்கு இறக்கையா என்று நபியவர்கள் கேட்க, ஸுலைமான் நபியிடம் இறக்கையுள்ள குதிரைகள் இருந்ததைக் கேள்விப்படவில்லையா என்று ஆயிஷா (ரழி) அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். நபியவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியும்படி சிரித்தார்கள். அந்தக் குதிரை யாரையும் ஏமாற்றவில்லை. அது துணி என்பது செய்தவருக்கும் தெரியும், பார்த்தவருக்கும் தெரியும். நடிப்பவரும் பார்ப்பவரும் ஒன்றாக ஒத்துக்கொண்ட கற்பனை பொய்யாகாது. ஆனால் மக்களைச் சிரிக்க வைப்பதற்காகப் பொய் சொல்பவனைப் பற்றிக் கடுமையாக எச்சரிக்கும் ஹதீஸும் இருக்கிறது. அடுத்த வீட்டுக்காரரைப் பற்றி இல்லாத ஒன்றைக் கட்டி அதை நரியின் வாயில் வைத்தால், நரிவேஷம் அந்தப் பொய்யை மறைக்காது.

மிருகமாக நடிக்கலாமா என்பதில் உலமாக்களிடையே ஒரே கருத்து இல்லை. தொழுகையில் காகம் கொத்துவது போல அவசரமாக ஸுஜூது செய்வதும், நாயைப் போல முழங்கையை விரித்து வைப்பதும் தடுக்கப்பட்டிருப்பதைக் காட்டி, வெளியிலும் மிருகங்களைப் பார்த்துச் செய்வதை விரும்பாதவர்கள் இருக்கிறார்கள். அந்த உணர்வை மதித்து ஒரு வழி வைத்திருக்கிறேன். மிருகத்தின் குரலை எடுப்போம், நாலு காலை எடுக்க வேண்டாம். தவழ்வதில்லை, கனைப்பதில்லை, முகமூடி போடுவதில்லை. தோளில் ஒரு நிறத் துணி போதும். நிமிர்ந்து நின்று, ஒரு மிருகத்தின் நியாயத்தைத் தெளிவான தமிழில் பேசுவதுதான் வேலை. இதனால் நாடகம் சப்பென்று போகாதா என்று கேட்பவர்கள் உண்டு. உண்மையில் தவழ்வதும் கத்துவதும் இல்லாதபோதுதான் பிள்ளை சொல்லைத் தேடத் தொடங்குகிறாள்.

பேசும் உயிர்கள் நமக்கு அந்நியமானவையும் அல்ல. அல்குர்ஆனின் 27ஆவது அத்தியாயத்துக்கு எறும்பு என்றே பெயர். அதில் ஓர் எறும்பு, ஸுலைமான் (அலை) அவர்களின் படை வருவதைக் கண்டு தன் கூட்டத்தாரைப் புற்றுக்குள் போகச் சொல்கிறது. அரபு இலக்கணப்படி அந்த வினைச்சொல் பெண்பாலில் இருப்பதைச் சொன்னால் மாணவிகளின் முகம் மலரும். நான் அவர்களை நிறுத்திக் காட்டுவது வேறொரு இடத்தை. படை உங்களை மிதித்துவிடக்கூடும் என்று எச்சரிக்கும் அந்த எறும்பு, அவர்கள் அறியாமல் அப்படிச் செய்துவிடலாம் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. தன்னை நசுக்கக்கூடியவன் மீதும் அது கெட்ட எண்ணத்தைச் சுமத்தவில்லை. ஒரு மிருகத்தின் வாயில் எப்படிப்பட்ட பேச்சை வைக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அதே அத்தியாயத்தில் ஹுத்ஹுத் வருகிறது. நமது பக்கத்து வெளிகளிலும் தலையில் கொண்டையோடு நிலத்தைக் கிளறித் திரியும் கொண்டலாத்திதான் அது. சபைக்கு வராததற்கு அது காரணம் சொன்னதும் உடனே தண்டிக்கப்படவும் இல்லை, உடனே நம்பப்படவும் இல்லை. அதன் சொல் உண்மைதானா என்று பார்க்கப்பட்டது.

இந்த இரண்டையும் நாடகமாக்கும்படி மாணவிகள் கேட்பதுண்டு. நான் சம்மதிப்பதில்லை. நபிமார்களை மேடையில் ஒருவர் ஏற்று நடிப்பது நம்மிடம் இல்லை. அவர்களை விட்டுவிட்டு எறும்பை மட்டும் நிறுத்தினால் கதை கதையாக நிற்காது. வகுப்பில் வாசிப்போம், பேசுவோம், அவ்வளவுதான். நடிப்பதற்கு வேறொரு கதை இருக்கிறது. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுதான்.

10ஆம் நூற்றாண்டில் பஸரா நகரில் இக்வானுஸ் ஸஃபா, அதாவது தூய்மையின் சகோதரர்கள், என்று தம்மை அழைத்துக்கொண்ட ஓர் அறிஞர் கூட்டம் இருந்தது. கணிதம், இசை, வானியல் என்று 50க்கும் மேற்பட்ட நிருபங்களை எழுதினார்கள், தம் பெயர்களை மறைத்து. அவர்களுடைய மார்க்கக் கருத்துகள் எல்லாவற்றையும் எல்லா உலமாக்களும் ஏற்கவில்லை. நமக்கு இங்கே வேண்டியது அவர்களின் 22ஆவது நிருபத்தில் வரும் கதை மட்டுமே. மிருகங்கள் மனிதருக்கு எதிராக ஜின்களின் அரசனிடம் வழக்குத் தொடுக்கும் கதை.

ஒரு தீவு. மிருகங்களும் பறவைகளும் யாருக்கும் அடிமையாகாமல் அங்கே வாழ்கின்றன. புயலில் அகப்பட்ட ஒரு கப்பல் கரை ஒதுங்குகிறது. இறங்கியவர்கள் மிருகங்களைப் பிடித்து ஏறவும் சுமை ஏற்றவும் தொடங்குகிறார்கள். மிருகங்கள் ஓடுகின்றன, துரத்தப்படுகின்றன. கடைசியில் அவை அந்தத் தீவை ஆளும் பீவராஸ்ப் என்ற ஜின் அரசனிடம் நியாயம் கேட்டுப் போகின்றன. மனிதர்களும் வருகிறார்கள். நிறத்தால், உடையால், மொழியால் வேறுபட்ட சுமார் 70 பேர். மிருகங்கள் எங்கள் அடிமைகள், நாங்கள் எஜமானர்கள் என்பது அவர்களின் வாதம்.

இந்தக் கதையின் அழகு, எல்லோருக்கும் பேச இடம் கொடுப்பதில் இருக்கிறது. கழுதை தன் முதுகில் ஏறும் கல்லையும் செங்கல்லையும், முகத்தில் விழும் அடியையும் சொல்கிறது. மாடு, செம்மறி, ஒட்டகம், குதிரை என்று ஒவ்வொன்றாக வருகின்றன. மனிதன் தன் நிமிர்ந்த உருவத்தைக் காட்டிப் பெருமை பேசுகிறான். ஒவ்வொரு உடலும் அதன் தேவைக்கு ஏற்றபடி படைக்கப்பட்டது என்று பதில் வருகிறது. ஒட்டகத்துக்குக் கால் நீளம், அதனால் தரையிலுள்ள புல்லை எட்டக் கழுத்தும் நீளம். நாங்கள் தீனி போடுகிறோம், தொழுவம் கட்டுகிறோம் என்று மனிதன் சொன்னால், அது இரக்கத்தால் அல்ல, எங்களுக்குக் கொடுத்த விலை வீணாகிவிடும் என்ற பயத்தால் என்கின்றன மிருகங்கள். வேட்டை விலங்குகளின் தூதராகக் கலீலா என்ற நரி வருகிறது. பறவைகளுக்கு ஒரு பாட்டுக்குயில், பூச்சிகளுக்குத் தேனீக்களின் அரசன், நீர்வாழ் உயிர்களுக்குத் தவளை. உடல் பலத்தைப் பார்த்துத் தூதரைத் தெரிவு செய்யவில்லை, பேச்சையும் அறிவையும் பார்த்தே தெரிவு செய்கிறார்கள்.

அந்த நரியின் பெயர் அவர்கள் சும்மா வைத்ததல்ல. இந்தியாவின் பஞ்சதந்திரம் பாரசீகத்துக்குப் போய், அங்கிருந்து 8ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்ஃபாவின் கையால் அரபுக்கு வந்தது. அந்த அரபு நூலுக்குக் கலீலா வ திம்னா என்று பெயர். வலையில் சிக்கிய புறாக்கள் ஒன்றாகப் பறந்து எலியிடம் போய்த் தப்பிக்கும் கதை அதில் உண்டு. தூய்மையின் சகோதரர்கள் என்ற பெயரையே அந்தப் புறாக் கதையிலிருந்து எடுத்தார்கள் என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. நமது கிழக்கில் பேராசிரியர் சி. மௌனகுரு சிறுவர்களுக்காக எழுதிய நாடகங்களில் ‘வேடனை உச்சிய வெள்ளைப் புறாக்கள்’ ஒன்று, ‘தப்பி வந்த தாடி ஆடு’ இன்னொன்று. புறாவும் நரியும் நாடு நாடாகப் போய் வந்திருக்கின்றன. அந்த நிருபமும் அப்படித்தான். 1316இல் ஹீப்ருவுக்கும், 1810இல் கல்கத்தாவில் மௌலவி இக்ராம் அலியால் உருதுவுக்கும் போனது.

எங்கள் மாணவிகள் இந்தக் கதையை மன்னாருக்குக் கொண்டுவந்தபோது ஜின் அரசனின் சபையைப் பள்ளிமுனையிலுள்ள பெருக்கமரத்தடியில் வைத்தார்கள். சுற்றளவு 19 மீற்றருக்கு மேல் உள்ள அந்த மரத்தையும், நமது ரோட்டுகளில் திரியும் கழுதைகளையும் கொண்டுவந்தவர்கள் அரபு வணிகர்களே என்று சொல்லப்படுகிறது. அரபுக் கதை ஒன்று வந்து இறங்குவதற்குப் பொருத்தமான இடம்தானே.

இனிக் கழுதைக்கு வருகிறேன். யாருக்கு எந்தப் பாத்திரம் என்பதை ஆசிரியைதான் தீர்மானிக்கிறாள். அந்த நிமிடத்தில் ஒரு பிள்ளையைப் பற்றிய தீர்ப்பு வெளியே வந்துவிடுகிறது. கறுத்த பிள்ளைக்குக் காகம், பருத்த பிள்ளைக்கு யானை, பல் எடுப்பான பிள்ளைக்குக் கழுதை, சிவந்த பிள்ளைக்கு மான் என்று பங்கிட்டால் நாடகம் 20 நிமிடத்தில் முடியும், பட்டப்பெயர் உயர்தரம் வரை போகும். ஒருவரை ஒருவர் பரிகசிக்காதீர்கள், பட்டப்பெயர் சூட்டாதீர்கள் என்று 49ஆவது அத்தியாயம் தடுப்பதை நாம் பிள்ளைகளுக்கு மனனம் செய்விக்கிறோம். பாத்திரப் பங்கீட்டில் அதை நாமே மீறலாகாது. ஆகவே சீட்டுக் குலுக்கல். வந்த சீட்டை, காரணம் சொல்லாமல், ஒரு தடவை மாற்றிக்கொள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் உரிமை. ஏன் மாற்றினாய் என்று யாரும் கேட்கக்கூடாது.

பெயர் எவ்வளவு வேலை செய்கிறது என்பதற்கு வேடிக்கையான ஓர் உதாரணம். கடலுக்குள் புல் மேய்ந்து, குட்டிக்குப் பால் கொடுத்து, மூச்சு விட மேலே வரும் சாதுவான ஒரு பிராணி மன்னார்க் கடலில் இருக்கிறது. சட்டத்தால் பாதுகாக்கப்பட்டும் வலைகளில் சிக்கி அருகி வருகிறது. நமது பக்கத்தில் அதைக் கடல்பன்றி என்கிறார்கள். சீட்டில் அந்தப் பெயரைப் பார்த்த பிள்ளை அலறாத குறை. யாரும் வாங்கவில்லை. தமிழ்நாட்டுக் கரையில் அதே பிராணிக்குக் கடற்பசு, ஆவுளியா என்று பெயர் என்று சொல்லிச் சீட்டை மாற்றி எழுதினேன். இரண்டு பேர் போட்டிக்கு வந்துவிட்டார்கள்.

பாத்திரம் கிடைத்த பிறகு அந்த மிருகத்தைப் பார்க்க வேண்டும். நான் கண்டிப்பாக நிற்கும் இடம் இது. நாக்கு இல்லாத ஒன்றுக்கு நம் நாக்கை இரவல் கொடுக்கிறோம். அது ஓர் அமானிதம். அது சொல்ல முடியாததை நாம் சொல்லும்போது, அதைப் பற்றிய பொய்யைச் சொல்லிவிடக்கூடாது. கழுதை வேஷம் எடுத்தவள் ஒரு வாரம் கழுதையைக் கவனித்துவிட்டு வர வேண்டும். கழுதை முட்டாள், பிடிவாதம் என்று நாம் கேட்டு வளர்ந்திருக்கிறோம். பயந்த குதிரை ஓடிவிடும். பயந்த கழுதையோ நின்றுவிடும், நின்று பார்க்கும். அதற்கு நாம் வைத்த பெயர் பிடிவாதம். இதைத் தெரிந்துகொண்ட பிள்ளை எழுதும் வசனம் வேறு மாதிரி வரும். நகரில் கழுதைகளுக்கென்று மருத்துவ நிலையம் ஒன்று இருக்கிறது என்பதும், குப்பையில் சொப்பிங் பை தின்னும் கழுதைக்கு வயிற்றில் என்ன நடக்கும் என்பதும் அவளுக்கு அப்போதுதான் தெரிய வரும். வங்காலைச் சரணாலயத்தில் பூநாரையைப் பார்த்த பிள்ளை, அது தலையைக் கவிழ்த்துப் பிடித்தே தின்கிறது என்று கண்டுவந்தாள். மனிதர்கள் சாப்பிடும் விதத்தைப் பார்த்துப் பூநாரை பரிதாபப்படுவதாக அவள் எழுதிய வசனத்துக்கு மண்டபமே சிரித்தது. யாரையும் நோகடிக்காத பகிடி.

நோகடிக்கும் பகிடி எது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கிறது. இந்தத் தீவில் கத்தோலிக்கரும் இந்துக்களும் நாமும் அடுத்தடுத்து வாழ்கிறோம். ஒவ்வோர் ஊருக்கும் ஒரு பேச்சு இழுவை உண்டு. கள்ள நரிக்கு ஓர் ஊரின் இழுவையை வைத்தால், கோழைத்தனமான நாய்க்கு ஒரு தொழில் செய்பவர்களின் பேச்சை வைத்தால் கைதட்டல் நிச்சயம். மிருகம் அங்கே மிருகமாக இல்லை, வைவதற்கு ஒரு வசதியாகிவிட்டது. ஒரு மிருகம் எந்தச் சமூகத்துக்கும் பதிலாக நிற்கக்கூடாது என்பது எங்கள் ஒழுங்கு. பஸராக் கதையில் இதற்கு ஒரு நல்ல மருந்து இருக்கிறது. பல நாட்டு மனிதர்கள் எழுந்து தம் நாட்டின் பெருமைகளை அடுக்குகிறார்கள். ஒவ்வொருவர் முடிக்கும்போதும் சபையிலுள்ள ஜின் ஒன்று குறுக்கிட்டு, விட்டுவிட்ட குறைகளையும் சொல்லேன் என்று எடுத்துக் கொடுக்கிறது. எழுதியவர்கள் தங்கள் சொந்த ஈராக்கையும் அதிலிருந்து தப்பவிடவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இதைச் சுருக்கமாகச் சொல்ல எனக்கு வராது. தீவில் வாழ்ந்தவை துரத்தப்படும் காட்சியை ஒத்திகை பார்த்தபோது ஒரு மாணவி, இது எங்கள் உம்மம்மா சொல்லும் கதை போல இருக்கிறது என்றாள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, இந்தத் தீவிலிருந்து நமது மக்கள் வள்ளங்களில் ஏறிக் கடல்வழியே கற்பிட்டிக்குப் போனார்கள். புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் பிறந்து வளர்ந்தவர்கள் இன்று தாய்மார்களாக எங்கள் மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த மாணவிகள் முயலின் வாயில் வள்ளத்தையும், விட்டுவந்த வீட்டுச் சாவியையும் வைத்து வசனம் எழுதி வந்தார்கள். நன்றாகவே எழுதியிருந்தார்கள். நான் அதை எடுக்கவில்லை. அது மனிதரின் கதை. மனிதர் வாயால், நடந்தது நடந்தபடி சொல்லப்பட வேண்டும். கைதட்டலுக்காக முயலின் தலையில் ஏற்றிவிட்டால், துரத்தியவருக்கும் ஒரு மிருக முகம் வைக்க வேண்டி வரும். அந்த முகத்தை எந்தப் பிள்ளை அணிவாள்? உம்மம்மாவிடம் போய்க் கேட்டு, அவர் சம்மதித்தால் அவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொண்டு வரும்படி சொன்னேன். நாடகம் வேறு, அது வேறு. எல்லா ஆசிரியைகளும் இதில் என்னோடு உடன்பட மாட்டார்கள் என்று தெரியும்.

சின்ன ஒழுங்குகள் சிலவும் உண்டு. பாத்திரத்துக்குள் நிற்கும்போது அல்லாஹ்வின் மீது சத்தியம் செய்வதில்லை. சேவலுக்கு பாங்கு கொடுப்பதில்லை. ஒத்திகையில் கைபேசி இல்லை. ஒரு பிள்ளை நடிக்கும் 20 நிமிடத்தில் 7 விநாடியை வெட்டி எடுத்து யாரோ வட்ஸ்அப்பில் போட்டால், அந்த 7 விநாடிதான் அவள் என்று ஊர் நினைக்கும். நாடகம் முடிந்ததும் எல்லோரும் வட்டமாக நின்று தோள் துணியை மடித்து வைத்துவிட்டுத் தம் சொந்தப் பெயரைச் சொல்ல வேண்டும். பக்கத்தில் நிற்பவள் அந்தப் பெயரால் அவளுக்கு ஸலாம் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அவளைக் கழுதை என்றோ நரி என்றோ கூப்பிட்டவள் அடுத்த நாடகத்தில் இல்லை. இந்த ஒன்றில் மட்டும் நான் மன்னிப்பதில்லை.

கெட்ட பாத்திரம் எடுப்பதால் பிள்ளை கெட்டுவிடுவாளா என்று பயப்படும் பெற்றோருக்கு: நரி பொய் சொல்லட்டும், அந்தப் பொய் கதைக்குள் அகப்படட்டும். எனக்குக் கவலை தருவது வேறு. எப்போதும் நல்ல பக்கத்தில் மட்டும் நிற்கும் பிள்ளை. ஆகவே நடுவில் பக்கம் மாற்றுவோம். கழுதையாகப் பேசியவள் கழுதைக்காரனாக வந்து, அவனுடைய நியாயத்தை, அவனுடைய வறுமையை, அதே கவனத்தோடு பேச வேண்டும்.

பழைய கதையில் தீர்ப்பு மனிதர் பக்கம் போகிறது. உருவமோ உணவோ ஆட்சியோ அவர்களை வெல்ல வைக்கவில்லை. மரணத்துக்குப் பின் எழுப்பப்படுவோம், நிலையான வாழ்வு எங்களுக்கு உண்டு என்று ஹிஜாஸிலிருந்து வந்த ஒருவர் சொல்கிறார். உடனே பறவைகளின் தூதர் எழுந்து, வாக்களிக்கப்பட்டது சுவர்க்கம் மட்டுமா, நரகமும்தானே என்று கேட்கிறது. ஆம், எப்படியானாலும் நாங்கள் நிலைத்திருப்போம், எங்களில் நபிமார்களும் நல்லடியார்களும் இருக்கிறார்கள் என்கிறார் அவர். அதற்கு மேல் மிருகங்கள் வாதாடவில்லை. மேலானவன் என்பதற்கு மனிதன் காட்டக்கூடிய ஒரே சான்று, அவனிடம் கேள்வி கணக்கு உண்டு என்பதுதான். சபை அமைதியாகிற அந்த இடத்தில் மாணவிகளின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

கடைசியாக, ஆட்டைப் பற்றி. ஹஜ்ஜுப் பெருநாளுக்குச் சில வாரங்கள் முன்னர் நாங்கள் இதை மேடையேற்றினோம். செம்மறியாக நின்று வாதாடிய தரம் 7 பிள்ளையின் வீட்டில் உழ்ஹிய்யாவுக்கு ஓர் ஆடு கட்டியிருந்தது. பிள்ளை அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறாள், இறைச்சி வேண்டாம் என்கிறாள், நீங்கள்தான் இதைக் கிளப்பிவிட்டீர்கள் என்று தாய் என்னிடம் வந்தார். நியாயமான முறைப்பாடு. பேசும் மிருகக் கதைகள் எல்லாவற்றிலும் இந்தக் கேள்வி ஒளிந்திருக்கிறது. ஆங்கிலத்தில் நார்னியா கதைகளை எழுதிய சி. எஸ். லூயிஸ் அந்த உலகத்தில் பேசும் மிருகம், பேசாத மிருகம் என்று கோடு போட்டே வைத்தார். பேசாததை உண்ணலாம், பேசுவதை உண்பது கொலை. 1953இல் வந்த நூலொன்றில் மூன்று பேர் மான் இறைச்சி தின்றுகொண்டிருக்கும்போது அது பேசும் மான் என்று தெரிய வருகிறது. அந்த உலகுக்குப் புதியவளுக்குக் கவலை. பேசும் மிருகத்தோடு முன்னர் பழகியவனுக்கு அதிர்ச்சி. அங்கேயே பிறந்தவனுக்கு ஒரு குழந்தையைத் தின்றது போன்ற வேதனை. அந்தக் கோடு அந்த உலகுக்குரியது. நமது உலகில் ஆடு தமிழில் வாதாடுவதில்லை, ஆகுமான உணவை அல்லாஹ் நமக்கு ஆகுமாக்கியிருக்கிறான். இதைப் பிள்ளைக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஆடு மனிதரைப் போல் நினைக்கிறது என்று நாடகம் சொன்னது கற்பனை. ஆனால் ஆட்டுக்கு வலிக்கும், பயம் தெரியும் என்பது கற்பனை அல்ல. ஓர் அன்ஸாரியின் தோட்டத்தில் கண்ணீர் விட்ட ஒட்டகத்தின் தலையைத் தடவி, நீ பட்டினி போடுவதாக இது முறையிடுகிறது என்று அதன் சொந்தக்காரரைக் கண்டித்தவர்கள் நபியவர்கள். அறுக்கும்போதும் கத்தியைக் கூர்மையாக்கிப் பிராணிக்கு இலகுவாக்கும்படி சொன்னவர்களும் அவர்களே.

இதைத்தான் அந்தத் தாயிடம் சொன்னேன், இறைச்சி தின்னும்படி பிள்ளையை வற்புறுத்த வேண்டாம் என்பதையும் சேர்த்து. பெருநாள் கழிந்து வந்தபோது பிள்ளை தானே விபரம் சொன்னாள். வாப்பாவிடம் இரண்டு விஷயம் கேட்டாளாம். கத்தியை ஆட்டின் கண்ணுக்கு முன்னால் தீட்டக்கூடாது, மற்ற வீட்டு ஆடுகள் பார்க்கும் இடத்தில் அறுக்கக்கூடாது. வாப்பா முதலில் சிரித்துவிட்டு, பிறகு பள்ளி இமாமிடம் கேட்டிருக்கிறார். முறை அதுதான் என்று இமாம் சொன்னாராம். காலையில் தண்ணீர் வைத்தது அவள்தான். இறைச்சி தின்றாயா என்று நான் கேட்கவில்லை.